அக்கா என்ன சொன்னார்?

வாசகர் கேள்வி: நான் 68 வயதான, ஓய்வுபெற்ற தமிழாசிரியை. சிங்கப்பூரின் ஈசூனில் அடுத்தடுத்துள்ள இரண்டு புளோக்குகளில் நாங்கள் ஏழு வீட்டார், 2011 தொடங்கி மறுவிற்பனை வீடுகளாகப் பார்த்துப் பார்த்து வாங்கி, ஒரே குடும்பம்போல வாழ்ந்து வருகிறோம். ஞாயிறுதோறும் யாராவது ஒருவர் வீட்டில் எல்லாருக்கும் சமையல். மாதம் ஆளுக்கு ஐம்பது வெள்ளி பொதுப்பணம். ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவரிடம். இதைத் தொடங்கி வைத்தவர் எங்களில் மூத்தவரான அக்கா. அவருக்கு வயது 78. தனியாக இருக்கிறார், ஒரே மகன் மெல்பர்னில். கடந்த ஆறு மாதங்களில் இருமுறை அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். சென்ற மாதம் இரவில் குளியலறையில் விழுந்து, விடியும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் அவருடைய காலை வணக்கம் வராததால்தான் போய்ப் பார்த்தோம். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. அன்றிலிருந்து முறைவைத்து, தினமும் ஒருவர் அவர் வீட்டில் படுத்துக்கொள்கிறோம். எனக்கே முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்து ஓராண்டுதான் ஆகிறது. எங்களில் ஒருவர், தம் வீட்டுப் பணிப்பெண்ணை அக்காவுக்கும் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறார். இன்னொருவர், அக்காவின் வங்கி அட்டையை நாமே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்கிறார். மூன்றாமவர், முதியோர் இல்லம்தான் வழி என்கிறார். மகனோ, "ஆன்ட்டி, நீங்களெல்லாம் இருப்பதால்தான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்" என்கிறார். நாங்கள் தோழிகளா, தாதியரா? எதுவரை எங்கள் கடமை?

மருத்துவ சமூகப் பணியாளரின் பதில்:

அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தில் உங்கள் குழுவைச் சேர்ந்த மூவரின் யோசனைகள் இருக்கின்றன, மகனின் வார்த்தைகள் இருக்கின்றன, உங்கள் களைப்பும் இருக்கிறது. ஆனால், தமக்கு என்ன வேண்டும் என்று அக்கா சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒருவர் விழுந்துவிட்டால், சுற்றியிருப்பவர்கள் பதற்றத்தில் அவரைப் பற்றித் தங்களுக்குள் பேச ஆரம்பிப்பதும், அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பதும் என் வேலையில் வாராவாரம் பார்க்கும் காட்சி. நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. சிங்கப்பூரின் மனநலத் தகுதிச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது: தகுதியில்லை என்று நிறுவப்படும்வரை ஒருவர் தம் முடிவைத் தாமே எடுக்கக்கூடியவர்தான், எடுக்கும் முடிவு மற்றவர்களுக்கு விவேகமற்றதாகத் தோன்றுவதால் மட்டும் அந்தத் தகுதி போய்விடாது. அடுப்பை மறந்தவர் தம் வீட்டைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் முடிவெடுக்க முடியாதவர் என்று யாரும் எண்ணிக்கொள்ளக் கூடாது.

அதே நேரத்தில், அந்த மறதியை 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடவும் வேண்டாம். இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கோ, அவர் வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். முதுமை மறதிநோய் என்று எல்லாரும் அஞ்சும் அறிகுறிகளுக்குப் பின்னால், சரிசெய்யக்கூடிய காரணங்கள் சில நேரங்களில் இருப்பதுண்டு: தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, சிறுநீர்ப் பாதையில் தொற்று, காது கேளாமை, தூக்க மாத்திரை. நம் வீட்டுப் பெரியவர்களிடம் குறிப்பாக நான் கேட்பது வைட்டமின் பி12 பற்றி. பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அந்தச் சத்து குறையலாம். அவர் சைவ உணவுக்காரராகவும் இருந்தால் ஐயம் இன்னும் வலுக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் இது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அவர் வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தேக்காவில் வாங்கிய லேகியமும், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த மூட்டுவலி மாத்திரையும் அந்தப் பைக்குள் இருக்க வேண்டும். விழுந்தது எப்படி என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்; படுக்கையிலிருந்து எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குவதால் விழுபவர்கள் ஏராளம், அதற்குக் கைப்பிடிக் கம்பி மட்டும் போதாது.

கைப்பிடிக் கம்பியும் வேண்டும், சந்தேகமில்லை. முதியோருக்கான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மேம்பாட்டுத் திட்டமான 'ஈஸ்' 2012 முதல் இருக்கிறது. வீட்டில் 65 வயதானவர் ஒருவர் இருந்தாலே விண்ணப்பிக்கலாம். குடிமக்கள் வீட்டின் வகையைப் பொறுத்துச் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு வரை கட்டினால் போதும். கைப்பிடிக் கம்பிகள், குளியலறைத் தரை வழுக்காமலிருக்க ஒரு பூச்சு, சரிவுப்பாதை ஆகியவை அதில் அடங்கும். உங்கள் ஏழு வீடுகளிலும் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் அரசாங்கத் திட்டம் எட்டாத சில விஷயங்கள் குளியலறைக்குள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், விழுந்து அடிபட்ட ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். கம்பிகள் புத்தம் புதிதாக இருந்தன. ஆனால் அவர் குளிப்பது வாளியில் தண்ணீர் பிடித்து. வாளி, குந்துவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி, துவைக்க ஊறவைத்த வேட்டி, எல்லாமாகச் சேர்ந்து கம்பியருகே போக வழியே இல்லாமல் செய்திருந்தன. நேர்மாறான இன்னொரு வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தும், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் விழுந்தவரை வெளியே கொண்டுவர ஆள் வந்து கதவை உடைக்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து திறக்கக்கூடிய பூட்டு, படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவு விளக்கு, முக்காலிக்குப் பதில் நான்கு கால்களிலும் ரப்பர் பிடிப்புள்ள, முதுகு சாயக்கூடிய குளியல் நாற்காலி: இவற்றை உங்கள் பொதுப்பணத்திலிருந்தே வாங்கிவிடலாம். அடுப்புக்கும் ஒரு வழி உண்டு. குறித்த நேரத்துக்குப் பின் தானாக அணையும் மின் அடுப்புகள் இங்கே கடைகளில் கிடைக்கின்றன. கேஸ் அடுப்பை எடுத்துவிடுவதற்கு அக்கா சம்மதிக்க வேண்டும் என்பதுதான் சிரமமான பகுதி. ஐம்பது ஆண்டுகளாகத் தீயைப் பார்த்துத் தாளித்த கைக்கு அது சிறிய இழப்பில்லை.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பெயர் வைக்காமல் செய்துகொண்டிருப்பதற்கு உலகில் ஒரு பெயரும் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவமும் இருக்கின்றன. கூட்டுக் குடியிருப்பு என்று அதைச் சொல்லலாம்: ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனிச் சமையலறை, தனிக் கணக்கு, ஆனால் வாரத்தில் சில வேளை சேர்ந்து சாப்பாடு, பொது வேலைகளில் பங்கு, ஒருவர்மேல் ஒருவருக்குக் கண். டென்மார்க்கில் 1972-இல் 27 குடும்பங்கள் சேர்ந்து இப்படி முதல் குடியிருப்பை அமைத்தன. அவர்கள் பெரும்பாலும் குழந்தைகள் உள்ள இளம் குடும்பங்கள். குழந்தைகள் வளர்ந்து போனபின், இருந்தவர்கள் எல்லாரும் ஒரே காலத்தில் முதுமையடைவது இத்தகைய குடியிருப்புகள் பலவற்றுக்கும் பொதுவான சிக்கலாக ஆனது. 1987-இல் கோப்பன்ஹேகனில் முதியவர்களுக்கென்றே ஒரு கூட்டுக் குடியிருப்பு உருவானது. பிரிட்டனில், லண்டனின் வடக்கே ஹை பார்னட்டில், 50 வயதைக் கடந்த பெண்கள் மட்டும் வாழும் 25 வீடுகள் 2016-இல் எழுந்தன. அதற்காக அந்தப் பெண்கள் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் பாடுபட்டார்கள் என்பதை நினைத்தால், வீவக மறுவிற்பனைச் சந்தையிலேயே உங்கள் எழுவரும் சாதித்துக்கொண்டது சாதாரணமானதல்ல.

இந்தக் குடியிருப்புகளின் அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். அக்கம்பக்கத்து உதவி வேறு, உடல்பராமரிப்பு வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை, யாருக்கும் முடியாமல் போவதற்கு முன்பே, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டுக்கொள்ள வேண்டும். மருந்தகத்துக்குத் துணைக்குப் போவது, சூப் கொண்டுபோய்க் கொடுப்பது, காலையில் கதவைத் தட்டிப் பார்ப்பது, அறுவை சிகிச்சைக்குப் பின் இரண்டு வாரம் முறைவைத்துச் சாப்பாடு அனுப்புவது ஆகியவை முதல் வகை. குளிப்பாட்டுவது, கழிவறைக்குத் தூக்கிச் செல்வது, மாத்திரைகளைப் பொறுப்பேற்றுப் பிரித்துக் கொடுப்பது, முடிவில்லாமல் இரவுக்காவல் இருப்பது ஆகியவை இரண்டாம் வகை. முதலாவதை நண்பர்கள் ஆண்டுக்கணக்கில் செய்ய முடியும். இரண்டாவதை நண்பர்கள் செய்யத் தொடங்கினால், அவர்களுள் யாராவது ஒருவரின் முதுகோ மனமோ உடைந்துபோகிறது. அதற்குப் பின் அவர் ஞாயிறு சமையலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார். கோடு போடுவதை அன்பில்லாத செயலாகப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோடு இல்லாத குழுக்கள்தான் ஒரு நாள் எதுவும் சொல்லாமல் கலைந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, இரவு முறையை ஒரு தேதி குறித்து நிறுத்துங்கள். மருத்துவப் பரிசோதனை முடிவு வரும்வரை, அதாவது நான்கு வாரம், என்று வைத்துக்கொள்ளலாம். முழங்கால் மாற்றிய நீங்கள் மற்றவர் வீட்டு மெத்தையில் இரவில் இரண்டு முறை எழுவது அடுத்த விபத்துக்குப் போடும் அடித்தளம். அதற்குள் வேறு ஏற்பாடுகளைத் தொடங்குங்கள். ஏஐசி என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைத்தால், வீட்டுக்கு வந்து குளிக்க, உடை மாற்ற உதவும் பராமரிப்பாளர், வீட்டுத் தாதிமை, சாப்பாட்டு விநியோகம், பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஆகியவற்றில் எது பொருந்தும் என்று பார்த்து, வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கும் உதவித்தொகையையும் சொல்வார்கள். உங்கள் வட்டாரத்திலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்திலும் அக்காவின் பெயரைப் பதிந்துவையுங்கள். தனியாக வாழும் முதியவர்களைச் சென்று பார்ப்பதும் அவர்கள் வேலைதான். காலை வணக்கச் செய்தியை விட்டுவிடாதீர்கள். அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் எட்டு மணிக்குள் வராவிட்டால் யார் போய்ப் பார்ப்பது, அவர் ஊரில் இல்லையென்றால் அடுத்தவர் யார், கதவு திறக்காவிட்டால் எத்தனை நிமிடத்தில் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழைப்பது என்று எழுதி வையுங்கள். இரவு முழுவதும் அவர் தரையில் கிடந்ததற்குக் காரணம், இரவில் விழுந்தால் தெரிவிக்க வழியில்லாமல் போனதுதான். கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தான் ஒன்று, உங்கள் எழுவரின் தூக்கத்தையும் திருப்பித் தரும். அதைக் கழற்றி அலமாரியில் வைக்காமல் அவர் அணிய வேண்டும் என்பது வேறு விஷயம்.

பணிப்பெண்ணைப் பகிர்ந்துகொள்ளும் யோசனையை இன்றே கைவிடச் சொல்லுங்கள். வேலை அனுமதிச்சீட்டில் குறிப்பிட்ட முகவரியில், குறிப்பிட்ட முதலாளிக்கு மட்டுமே ஓர் இல்லப் பணிப்பெண் வேலை செய்யலாம். பெற்றோரைப் பராமரிப்பதற்காக நெருங்கிய உறவினர் வீட்டில் சில நிபந்தனைகளுடன் மனிதவள அமைச்சு அனுமதிக்கும் விதிவிலக்கு, தோழியின் வீட்டுக்குப் பொருந்தாது. எவ்வளவு நல்ல எண்ணத்தோடு அனுப்பினாலும் மாட்டிக்கொள்வது உங்கள் நண்பரும் அந்தப் பெண்ணும்தான். அக்காவுக்குத் துணை தேவை என்று முடிவானால், அவர் பெயரிலோ மகனின் ஏற்பாட்டிலோ தனியாக ஒருவரை அமர்த்துவதே முறை.

வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் யாரும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நாளை ஐந்நூறு வெள்ளி கணக்கில் இடித்தால், இத்தனை ஆண்டு நட்பும் அதோடு போய்விடும். இதற்கென்றே எல்பிஏ என்ற நீண்டகால அதிகாரப் பத்திரம் இருக்கிறது. தமக்குத் தகுதி குறைந்துபோனால் தம் நலனையோ சொத்தையோ, இரண்டையுமோ யார் பார்த்துக்கொள்வது என்று அக்காவே இப்போது நியமிக்கலாம். வழக்கமான முதல் படிவத்தில் இருவரையும், அவர்களுக்கு மாற்றாக ஒருவரையும் நியமிக்க இடமுண்டு. வெளிநாட்டிலுள்ள மகனையும் உள்ளூரிலுள்ள நம்பிக்கைக்குரிய ஒருவரையும் சேர்த்து நியமிப்பவர்கள் பலர். அங்கீகாரம் பெற்ற மருத்துவர், வழக்கறிஞர், மனநல மருத்துவர் ஆகியோரில் ஒருவர், அவர் புரிந்துதான் கையெழுத்திடுகிறார் என்று சான்றளிக்க வேண்டும். அந்தப் புரிதல் போனபின் பத்திரம் செய்ய முடியாது; நீதிமன்றத்தை நாடிப் பிரதிநிதி ஒருவரை நியமிக்கும் நீண்ட, செலவு மிகுந்த வழிதான் மிஞ்சும். இந்தப் பதிலில் ஏதாவது ஒன்றை அவசரம் என்று அடிக்கோடிட வேண்டுமானால் இதைத்தான் செய்வேன். அக்காவுக்கு மட்டும் அல்ல, உங்கள் எழுவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மகனுடன் பேசுவதை நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து ஊகிக்கிறேன். அவர் சுயநலக்காரர் என்று நான் நினைக்கவில்லை. "எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், கவலைப்படாதே தம்பி" என்று ஒவ்வொரு இரவும் நீங்கள் சொல்கிறீர்கள், அவர் நம்புகிறார், அவ்வளவுதான். அடுத்த அழைப்பில், அக்காவின் சம்மதத்தோடு, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: விழுந்தது, ஆறேழு மணிநேரம் தரையில் கிடந்தது, இரவுமுறை எந்தத் தேதியோடு முடிகிறது, அதற்குப் பின் அவர் எதைப் பொறுப்பேற்க வேண்டும். அவசர அழைப்புப் பொத்தானுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது, மருத்துவரின் காணொளிச் சந்திப்பில் கலந்துகொள்வது, ஆண்டுக்கு இருமுறை வந்து இரண்டு வாரம் தங்குவது எல்லாம் மெல்பர்னிலிருந்து செய்யக்கூடியவையே.

முதியோர் இல்லம் என்ற பேச்சு இப்போதைக்குப் பொருந்தாது. நடமாடும், பேசும், தம் வீட்டை விரும்பும் ஒருவருக்கு அது முதல் படி அல்ல. வீடு மாறும் எண்ணம் அவருக்கே இருந்தால், நடுவே வேறு படிகள் இருக்கின்றன. 2021-இல் புக்கிட் பாத்தோக்கில் தொடங்கிய சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடுகள் 65 வயதானவர்களுக்கானவை. 32 சதுர மீட்டர் வீடு, 15 முதல் 35 ஆண்டுவரை குத்தகை, தளத்துக்குத் தளம் பொது இடம், கட்டாயமாகச் சேர வேண்டிய ஓர் அடிப்படைப் பராமரிப்புச் சேவை. உங்களுக்குப் பக்கத்திலுள்ள கம்போங் அட்மிரல்டியில் 104 வீடுகள், மருத்துவ நிலையத்துக்கும் உணவங்காடி நிலையத்துக்கும் மேலேயே இருக்கின்றன. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் வாங்குபவர் இப்போதுள்ள வீட்டை விற்றாக வேண்டும், எதிர்வாசலில் நீங்களும் இருக்கமாட்டீர்கள். நினைவு தளரும் ஒருவருக்குப் பழகிய மின்தூக்கியும் பழகிய முகங்களும் எவ்வளவு முக்கியம் என்பதையும் தராசில் வையுங்கள்.

இளைய குடும்பங்களைச் சேர்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை; நானாகச் சொல்கிறேன். பத்தாண்டில் நீங்களே அக்காவின் இன்றைய வயதை எட்டிவிடுவீர்கள். தமிழ்க் குடும்பங்களாகவே பார்த்துச் சேர்க்க முயன்றால், வீவக வீடுகளில் ஒவ்வோர் இனத்தவரின் விகிதத்துக்கும் எல்லை வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் வரம்பு குறுக்கே வரலாம். இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு 2010 முதல் அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு என்பது வரம்பு; அது எட்டப்பட்ட இடத்தில் ஓர் இந்தியர் அதே பிரிவைச் சேர்ந்த இன்னொருவரிடமிருந்துதான் வாங்க முடியும். அது போகட்டும். உங்கள் தளத்தில், நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பும் மலாய் மக்சிக்கும், மின்தூக்கி பழுதானால் எல்லாருக்கும் முன்னால் நகர மன்றத்தை அழைக்கும் சீன அங்கிளுக்கும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏன் இடமில்லை? அக்கா விழுந்த இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர்கள் அவர்கள்தான்.

இத்தனையையும் ஒரே கூட்டத்தில் பேச முடியாது. முதல் கூட்டத்தை அக்காவின் வீட்டிலேயே வையுங்கள்; முதலில் அவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: அந்த இரவில் என்ன நடந்தது, இனி எப்படி இருக்க விரும்புகிறார். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் யோசனை சொல்ல வேண்டாம். ஒருவர் மட்டும் எழுதிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கட்டும், ஆனால் சாப்பாட்டுக்கு முன்பு. பிரியாணிக்குப் பின் உங்கள் குழுவில் யாரும் கண்விழித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.